ரன்வேயில் எலுமிச்சை சாதம்!



போன தடவை எழுதினதைப் படிச்சுட்டு மெயில் தட்டின பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "குளிரு, பார்ட் டைம் வேலை, பாத்திரம் கழுவறதுன்னு சோகமாவே எழுதறீங்களே பாஸ்... வீக் எண்ட்ல ஊர் சுத்துவீங்கதானே? அதை மட்டும் ஏன் மறைக்கறீங்க?"

நியாயமான கேள்வி. ஓகே, இந்த வாரம் உங்களை பெர்லினுக்குக் கூட்டிட்டுப் போறேன். டிக்கெட் நான் எடுக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன். முழுசாப் படிக்கணும். பாதியில "சூப்பர் டூர்"னு மூடி வச்சுட்டுப் போகக்கூடாது. ஏன்னா, மேட்டரே கடைசியிலதான் இருக்கு.

முதல்ல எங்க செட்டை அறிமுகப்படுத்திடறேன். எங்களுக்குள்ள சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கம் கிடையாது. எல்லாருக்கும் ஊர்ப் பேருதான். நான் விருதுநகர். என்னோட அதே ஊர்ல படிக்கற, ஏப்ரல்ல வந்து இறங்கின புதுப் பையன் தஞ்சாவூர். பெர்லின்ல மாஸ்டர்ஸ் முடிக்கப் போற சேலம் அக்கா. நாலாவது ஆளு கோவில்பட்டி. வேற ஊர்ல மெக்கானிக்கல் படிக்கறான். எங்க செட்டுக்கே அவன்தான் வடிவேலு, அவன்தான் போட்டோகிராபர். அவன் போடற ஸ்டேட்டஸைப் பார்த்தா ஜெர்மனியே அவனுக்காகத்தான் கட்டி வச்ச மாதிரி இருக்கும். ('இவ்ளோ வர்ணிக்கறானே, ஏதோ இருக்கு'ன்னு உங்களுக்கு இப்பவே தோணணுமே? தோணினா நீங்க புத்திசாலி. எனக்கு ஒன்றரை வருஷமாத் தோணலை.)

டிக்கெட் பிரச்னை ஓவர்!

நானும் தஞ்சாவூரும் இருக்கறது மாக்டபர்க். பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? ஃபிசிக்ஸ் புக்ல பார்த்திருப்பீங்க. ரெண்டு உலோக அரைக்கோளத்தைச் சேர்த்து வச்சு, உள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் குதிரைங்களை விட்டு இழுத்தும் பிரிக்க முடியாத அந்த எக்ஸ்பெரிமென்ட். அதைச் செஞ்ச ஓட்டோ ஃபான் கெரிக்கே 17-ம் நூற்றாண்டுல இந்த ஊருக்கு மேயரா இருந்தவர். மேயர் எக்ஸ்பெரிமென்ட் பண்ணின ஊரு!

இங்கேருந்து பெர்லினுக்கு ஆர்.ஈ.1-னு ஒரு ரயில். ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும். ஜெர்மனி முழுக்க பஸ், டிராம், லோக்கல் ரயில் எல்லாத்துக்கும் செல்லற மாதிரி ஒரே மாசப் பாஸ் இருக்கு. 2023 மே மாசம் 49 யூரோன்னு ஆரம்பிச்சாங்க. 2025-ல 58, 2026-ல 63-னு ஏறிடுச்சு. ஸ்டூடண்ட்ஸுக்கு நிறைய யூனிவர்சிட்டிகள்ல இதைச் சலுகை விலையில செமஸ்டர் ஃபீஸோடயே சேர்த்துடுவாங்க. பறக்கற ஐ.சி.ஈ. ரயில்ல இந்தப் பாஸோட ஏறக் கூடாது. ஏறினா ஃபைன் கட்டி அழுவீங்க. நமக்கு எதுக்கு வேகம்? நின்னு நின்னு போனா ஜன்னல் வழியா ஊரைப் பார்க்கலாம்ல!

ஆக, ஜூன் கடைசி சனிக்கிழமை காலையில பெர்லின் ஜூ ஸ்டேஷன்ல நாலு பேரும் கூடிட்டோம். கோவில்பட்டி வழக்கம்போல கடலைமிட்டாய் பாக்கெட்டோட வந்தான். ஊர்ப் பேரைக் காப்பாத்தணும்ல!

100-ம் நம்பர் பஸ்

டூரிஸ்ட் பஸ்னு தனியா எடுத்தா காசைக் கறந்துடுவாங்க. நம்ம பாஸ் செல்லற 100-ம் நம்பர் டவுன் பஸ்ஸே போதும். டபுள் டக்கர். மாடியில முன் சீட்டைப் பிடிச்சா ராஜ தரிசனம். வெற்றித்தூண், ஜனாதிபதி மாளிகை, பார்லிமென்ட்னு வரிசையா வரும். 1990-ல ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்ததுக்கு அப்புறம் கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் இணைச்ச முதல் பஸ் ரூட் இதுதான். நம்ம ஊர்ல ரூட்டு பஸ்ஸுக்கு மாலை போட்டுக் கொண்டாடுவோமே, அதுக்குத் தகுதியான பஸ்.

பார்லிமென்ட் கட்டடத்து மேல ஒரு பெரிய கண்ணாடிக் கோபுரம் இருக்கு. நார்மன் ஃபாஸ்டர்ங்கற ஆர்க்கிடெக்ட் வடிவமைச்சது, 1999-ல திறந்தாங்க. சுத்திச் சுத்தி மேல ஏறலாம். கீழே குனிஞ்சா எம்.பி.க்கள் உட்கார்ற ஹால் தெரியும். 'ஜனங்க மேல, தலைவர்கள் கீழ'ங்கற ஐடியாவாம். டிக்கெட் இலவசம். ஆனா முன்கூட்டியே நெட்ல பேர் பதியணும், பாஸ்போர்ட் கொண்டு போகணும்.

அங்கதான் தஞ்சாவூர் மாட்டினான். பாஸ்போர்ட்டை ரூம்லயே வச்சுட்டு வந்துட்டான். மூஞ்சி 'வட போச்சே'ன்னு தொங்கிடுச்சு. உடனே கோவில்பட்டி, "நான் ஏற்கெனவே ரெண்டு தடவை பார்த்துட்டேன்டா. நீங்க போய்ட்டு வாங்க. நான் தம்பிகூட இருக்கேன்"னு வெளியவே நின்னுட்டான். நல்ல மனசுடா உனக்குன்னு நினைச்சுக்கிட்டே மேல ஏறினேன்.

அடுத்து பிராண்டன்பர்க் வாசலைத் தாண்டி ஐந்து நிமிஷ நடையில ஒரு இடம். 2,711 கான்கிரீட் பெட்டிங்க, வரிசை வரிசையா. ஓரத்துல முழங்கால் உயரம்கூட இருக்காது. உள்ள போகப் போக நம்ம தலைக்கு மேல போயிடும். நாஜிங்க கொன்ன அறுபது லட்சம் யூதர்களுக்கான நினைவிடம். 2005-ல திறந்தாங்க. அது மேல ஏறி போஸ் கொடுத்து போட்டோ எடுக்கறவங்களும் இருக்காங்க. எங்க போட்டோகிராபர் அன்னிக்கு கேமராவை வெளியிலேயே எடுக்கலை. நாங்களும் பேசலை.

மத்தியானம் ஆளுக்கொரு டோனர் ரோல். துருக்கியில இருந்து வேலைக்கு வந்தவங்க பெர்லினுக்குக் கொடுத்த சீதனம். சாயங்காலச் சாப்பாட்டுக்கு சேலம் அக்கா காலையிலேயே எலுமிச்சை சாதம் கிளறி, டப்பாவுல அடைச்சு வச்சிருந்தாங்க. "எங்க வச்சு சாப்பிடப் போறோம்னு கேக்காதீங்க. சர்ப்ரைஸ்"னாங்க.

ஏரோப்ளேன் இல்லாத ஏர்போர்ட்

கூட்டிட்டுப் போனது டெம்பல்ஹோஃப். நிஜ ஏர்போர்ட்டா இருந்த இடம். 2008-ல மூடினாங்க. 2010-ல அப்படியே பார்க்காத் திறந்து விட்டுட்டாங்க. இங்க வீடு கட்டலாம்னு கவர்ன்மென்ட் பிளான் போட்டப்போ, 2014-ல ஜனங்க ஓட்டுப் போட்டு 'கட்டக் கூடாது'ன்னு சொல்லிட்டாங்க. இப்போ ரன்வேயில குட்டிப் பசங்க சைக்கிள் ஓட்டறாங்க. ஒருத்தர் பட்டம் விடறார். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் கறி சுடுது.

1948-ல சோவியத் படைங்க மேற்கு பெர்லினுக்குப் போற ரோடு, ரயில் எல்லாத்தையும் மறிச்சப்போ, அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்க கரி, மாவுன்னு எல்லாத்தையும் வானத்துலதான் கொண்டு வந்துச்சு. அதுல நிறைய இங்கதான் இறங்குச்சு, அந்த அளவுக்கு இந்த ரன்வே பிஸி. மொத்தமா ரெண்டே முக்கால் லட்சம் தடவைக்கும் மேல பறந்திருக்காங்க. பைலட்டுங்க கைக்குட்டையைப் பாராசூட்டாக் கட்டி பசங்களுக்கு மிட்டாய் போடுவாங்களாம். இதைச் சொன்னதும் கோவில்பட்டி கடலைமிட்டாயை மேல தூக்கிப் போட்டான். தஞ்சாவூர் மூஞ்சியில 'டமால்'! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சது.

மணி ஒன்பது. ஆனா வெயில் இன்னும் இறங்கலை (ஜூன்ல இங்க அப்படித்தான்). ரன்வே ஓரப் புல்லுல உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். சாதத்தோட நிலக்கடலை, காஞ்ச மிளகா வாசம். ஊர் ஞாபகம் வந்துடுச்சு எல்லாருக்கும். அப்போ தஞ்சாவூர் வாய் நிறைய சோத்தோட சொன்னான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க ஸ்டேட்டஸ் எல்லாம் பார்த்துதான் நான் ஜெர்மனிக்கே அப்ளை பண்ணேன். அப்பா வேணாம்னார். உங்க போட்டோவைக் காட்டித்தான் சம்மதிக்க வச்சேன்."

கோவில்பட்டி சாப்பிடறதை நிறுத்திட்டான். "போடா லூசு"ன்னு சொல்வான், கலாய்ப்பான்னு நான் பார்க்கறேன். அவன் டப்பாவைக் கீழ வச்சுட்டு முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தக் கண்ணாடிக் கோபுரத்துக்குள்ள நான் போனதே இல்லைடா. வெளியில நின்னுதான் போட்டோ எடுத்தேன்"னான்.

அவ்வளவுதான். அணை உடைஞ்ச மாதிரி எல்லாம் வந்துடுச்சு.

மூணாவது சான்ஸ்

உங்களுக்குப் புரியணும்னா ஒரு விஷயம் சொல்லணும். நம்ம ஊர்ல அரியர்னா என்ன? எழுதிக்கலாம், அடுத்த செமஸ்டர் இல்லாட்டி அதுக்கு அடுத்தது. பெருமையா எண்ணிச் சொல்ற ஆளுங்ககூட இருக்காங்க. இங்க பெரும்பாலான யூனிவர்சிட்டிகள்ல ஒரு பேப்பருக்கு மூணு சான்ஸ்தான். மூணாவதும் போச்சுன்னா அந்தக் கோர்ஸை விட்டே வெளியே அனுப்பிடுவாங்க. பொதுவா அதே கோர்ஸை ஜெர்மனியில வேற எங்கயும் சேர்ந்து படிக்கவும் முடியாது. விசா படிப்பை நம்பித்தான் இருக்கு. படிப்பு போனா அதுவும் ஆட்டம் கண்டுடும்.

கோவில்பட்டிக்கு ஒரு பேப்பர் ரெண்டு தடவை போயிருக்கு. மூணாவது எக்ஸாம் ஜூலை நடுவுல. அதாவது இன்னும் மூணே வாரம். வீட்ல யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

அப்பா ஊர்ல சின்னதா பலசரக்குக் கடை வச்சிருக்கார். எஜுகேஷன் லோன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பொதுத்துறை பேங்க்ல சொத்தை அடமானமாக் கேப்பாங்க. (ஏழரைன்னாலே நமக்கு ஆகாதுல்ல!) இருந்த ஒரே வீட்டுப் பத்திரத்தை வச்சிருக்கார். காலேஜ்ல ஃபீஸ் இல்லைன்னாலும் ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முதல்லயே பிளாக்டு அக்கவுண்ட்ல கட்டிக் காட்டினாத்தான் விசா. 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 யூரோ. அதுலயும் மாசம் 992 யூரோதான் நம்ம கைக்கு வரும். அது நம்ம காசுதான், ஆனா அப்பாவோட வீடு.

"ஃபெயிலானதைச் சொல்ல வேண்டிய அன்னிக்கு அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். சந்தோஷப்பட்டாங்க. அடுத்த வாரம் இன்னொண்ணு அனுப்பினேன். அப்புறம் நிறுத்த முடியலை. போட்டோ எடுக்கறதுக்குன்னே ஊர் ஊராப் போனேன். படிக்க உட்கார்ந்தா கை நடுங்குது"ன்னான்.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா மக்கா? அந்தப் போட்டோ ஒவ்வொண்ணுக்கும் ஹார்ட் போட்டேன். "கலக்கற மச்சி"ன்னு கமெண்ட் போட்டேன். ரெண்டு மூணு தடவை பொறாமைகூடப் பட்டேன். 'எக்ஸாம் எப்படிடா எழுதினே?'ன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை. ஒன்றரை வருஷம்!

சேலம் அக்கா ஆறுதல் எதுவும் சொல்லலை. நேரா பாயிண்ட்டுக்கு வந்தாங்க.

"ரெண்டு தடவையும் திருத்தின பேப்பரைப் போய்ப் பார்த்தியா?"

"இல்லைக்கா... அவமானமா இருந்துச்சு."

"நானும் ஒரு பேப்பர்ல ரெண்டு தடவை ஃபெயில்தான். அப்புறம் போய்ப் பார்த்தேன். கணக்கு எல்லாம் சரி. கேள்வியைத்தான் தப்பாப் புரிஞ்சிருந்தேன். விடைத்தாளைப் பார்க்கறதுக்குன்னு தேதி போட்டுக் கூப்பிடறாங்க. அது நம்ம உரிமை. நாமதான் வெட்கப்பட்டு போக மாட்டோம். திங்கட்கிழமை புரொஃபசருக்கு மெயில் போடு, தேதி தாண்டிடுச்சுன்னாலும் கேட்டுப் பாரு. ஸ்டூடண்ட் யூனியன் ரூம்ல பழைய கேள்வித்தாள் இருக்கும், போய்க் கேளு. கை நடுங்குதுன்னு சொன்னேல்ல, அதுக்கு ஸ்டூடண்ட்டுக்குன்னே இலவசமா கவுன்சலிங் இருக்கு. அதுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கு. நாலாவதா, வீட்டுக்குச் சொல்லு."

முதல் மூணுக்கும் தலையாட்டினான். நாலாவதுக்கு ஆட்டலை.

இருட்டினதும் கேட்டைப் பூட்டிடுவாங்க. எழுந்து நடந்தோம். தஞ்சாவூர்தான் ரொம்ப நேரம் பேசவே இல்லை. கேட்டுக்கிட்ட வந்ததும், "அண்ணே, உங்க ஸ்டேட்டஸ் பார்த்து வந்ததுக்கு நான் வருத்தப்படலைண்ணே. நீங்க ஏர்போர்ட்டுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினீங்கல்ல, அது ஸ்டேட்டஸ்ல இல்லையே"ன்னான். அக்கா ரூம்ல தரையில பாய் விரிச்சுப் படுத்தோம். யாரும் சரியாத் தூங்கலை.

சுவத்துக்குக் கீழ ஒரு சுரங்கம்

ஞாயித்துக்கிழமை இங்க கடைங்க மூடியிருக்கும். அதனால பெர்னவர் தெருவுக்குப் போனோம். பெர்லின் சுவர்னா ஈஸ்ட் சைடு கேலரியில கலர் கலரா பெயின்ட் அடிச்ச சுவரைத்தான் எல்லாரும் போட்டோவுல பார்த்திருப்போம். சுவர் நிஜமா எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்னா இங்கதான் வரணும். காசு கிடையாது.

1961 ஆகஸ்ட் 13-ம் தேதி காலையில எழுந்து பார்த்தா ஊருக்கு நடுவுல கம்பி வேலி. இந்தத் தெருவுல ஒரு பக்கத்து வீடுங்க கிழக்கு, வாசல்ல இருக்கற நடைபாதை மேற்கு! ஜன்னல்ல இருந்து குதிச்சாங்க ஜனங்க. ஐடா சீக்மன்ங்கற 58 வயசு அம்மா அப்படிக் குதிச்சு இறந்து போனாங்க. அதுக்கப்புறம் ஜன்னல்களையும் செங்கல் வச்சு அடைச்சாங்க. 1989 நவம்பர் 9 வரைக்கும், 28 வருஷம் நின்னுச்சு அந்தச் சுவர். அதுல குறைஞ்சது 140 பேர் உயிரை விட்டிருக்காங்க.

இங்க தரையில சில இடத்துல கோடு மாதிரி தகடு பதிச்சிருக்காங்க. கீழே சுரங்கம் போன பாதை. அதுல ஒண்ணுக்குப் பேர் 'டன்னல் 57'. 1964-ல மேற்குப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பேக்கரிக்குள்ள இருந்து தோண்ட ஆரம்பிச்சு, அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துல போய் வெளிய வந்திருக்காங்க. அக்டோபர்ல ரெண்டே ராத்திரியில 57 பேர் அதுல தவழ்ந்து தப்பிச்சாங்க. அப்புறம் விஷயம் வெளிய தெரிஞ்சு, துப்பாக்கிச் சூட்டுல கிழக்குப் பக்கக் காவலர் ஒருத்தர் இறந்தும் போனார்.

யார் தோண்டினது தெரியுமா? நிறையப் பேர் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்! நம்ம வயசுதான். அதுல ரெய்ன்ஹார்ட் ஃபுர்ரர்னு ஒருத்தர், பின்னாடி 1985-ல விண்வெளிக்கே போயிட்டு வந்தார். மண்ணுக்குள்ள தவழ்ந்தவர், மேல பறந்திருக்கார்.

கோவில்பட்டி அந்தக் கோட்டு மேலேயே நின்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தான். அக்கா பக்கத்துல போய் நின்னு சொன்னாங்க. "தோண்டினவங்க எல்லாம் வெளியில பத்திரமா இருந்தவங்கடா. ஆனா உள்ள இருக்கறவன் 'நான் இங்க இருக்கேன்'னு தகவல் சொன்னாத்தானே எந்தப் பக்கம் தோண்டறதுன்னு தெரியும்?"

பிளாட்பாரத்துல ஒரு போன்

சாயங்காலம் நாலரை. ஊர்ல எட்டு மணி. மெயின் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல வச்சு கோவில்பட்டி வீட்டுக்கு போன் போட்டான். "ஸ்பீக்கர்ல போடறேன், கூட இருங்கடா"ன்னான்.

சினிமான்னா அப்பா உடனே "பரவாயில்லைடா கண்ணா"ன்னு சொல்லியிருப்பார். இந்த அப்பா திட்டினார். "ஒன்றரை வருஷமாடா? நான் தினம் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் போனைக் காட்டிக்கிட்டுத் திரியறேன்டா..." அதுக்கப்புறம் பேச்சே வரலை. போன் கட்.

நாங்க யாரும் யாரையும் பார்க்கலை. ரயில் வந்துடுச்சு. அவன் ரயில் வேற, எங்க ரயில் வேற. ஏறி உட்கார்ந்து, பாட்ஸ்டாம் தாண்டியிருப்போம். குரூப்ல அவன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ். அவங்கப்பா அனுப்பினதை அப்படியே அனுப்பியிருந்தான்.

'அந்தப் பரீட்சைக்கு என்ன பேரு? தமிழ்ல எழுதி அனுப்பு. என்னிக்கு, எத்தனை மணிக்கு? காலண்டர்ல குறிக்கணும்.'

தஞ்சாவூர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். நான் மட்டும் என்ன, கண்ணாடியைத் துடைக்கற மாதிரி துடைச்சுக்கிட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு? விடைத்தாளைப் போய்ப் பார்த்தான். ரெண்டு தடவையும் ஒரே இடத்துல, ஒரே தப்பைப் பண்ணியிருக்கான். மூணு வாரம் தினமும் ராத்திரி சேலம் அக்கா வீடியோ கால்ல உட்கார்ந்து கணக்குப் போட வச்சாங்க. எக்ஸாம் எழுதிட்டான். ரிசல்ட் இன்னும் வரலை. பாஸானாலும் எழுதறேன், ஆகலைன்னாலும் எழுதறேன். (இதையெல்லாம் எழுதலாம்னு அவன்தான் சொன்னான். "ஸ்டேட்டஸுக்குப் பதிலா இதைப் படிக்கட்டும்டா"ன்னான்.)

இப்போ உங்களுக்கு ஒரு வேலை மக்கா. வெளிநாட்டுல படிக்கற உங்க சீனியர், கஸின், பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது இருப்பாங்க. அடுத்த தடவை அவங்க போட்டோ போட்டா, ஹார்ட் போடுங்க, தப்பில்லை. போட்டுட்டு ஒரு போன் பண்ணி, "எக்ஸாம் எல்லாம் எப்படிப் போகுது?"ன்னு கேளுங்க. ஹாஸ்டல்ல உங்க பக்கத்துப் பெட்லயும் ஒரு கோவில்பட்டி இருக்கலாம். அவன்கிட்டயும் கேளுங்க.

பர்ஸ் கணக்கு (ரெண்டு நாளுக்கு, என் பங்கு மட்டும்)

ரயில், பஸ்: பாஸ் இருக்கு, செலவு இல்லை
கண்ணாடிக் கோபுரம், நினைவிடங்கள்: இலவசம்
டோனர்: 7 யூரோ
காபி: 3 யூரோ 20 சென்ட்
எலுமிச்சை சாதம், ஞாயிறு சாம்பார் வகையறாவுக்கு மளிகைப் பங்கு: 5 யூரோ 50 சென்ட்
ஸ்டேஷன் டாய்லெட்: 1 யூரோ (ஆமா, அதுக்கும் காசுதான்!)
சந்தையில வாங்கின பழைய சைக்கிள் பெல்: 4 யூரோ
காலி பாட்டில் அஞ்சைக் கடை மெஷின்ல போட்டுத் திரும்ப வாங்கினது: 1 யூரோ 25 சென்ட் வரவு
ஆக மொத்தம்: 19 யூரோ 45 சென்ட்

அடுத்த வாரம், சமையலே தெரியாத நாலு பேர் சேர்ந்து பொங்கல் வச்ச கதை. ஃபயர் அலாரம் அடிச்சுச்சா இல்லையா? வெயிட் பண்ணுங்க!